கூட்டிக் கழித்துப் பார்த்தால்: 'பாட்டம் லைன்' என்ற தொடரைப் புரிந்து பயன்படுத்த ஒரு வழிகாட்டி

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றுடன் தொலைபேசிவழிக் கூட்டம். நான்கு நாள் உட்கார்ந்து அவர் தயாரித்த செலவு அட்டவணை எல்லாருடைய திரையிலும் இருந்தது. பத்து நிமிடம் தடுமாறாமல் விளக்கினார். அப்போது மறுமுனையில் இருந்தவர் கேட்டார்: 'ஸோ, வாட்ஸ் த பாட்டம் லைன்?'

அவர் அட்டவணையின் கடைசி வரிக்குப் போனார். அங்கே கூரியர் கட்டணம் இருந்தது. அந்தத் தொகையை வாசித்தார். மறுமுனையில் அமைதி. பிறகு யாரோ பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் பேசினேன். அவர்கள் கேட்ட விடை அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தால்தான் சொன்ன பட்ஜெட்டுக்குள் முடியும், ஒரே மூச்சில் செய்தால் முடியாது. அதைத்தான் கேட்டார்கள். அந்தத் தொடரின் பொருளை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான் குறை. புதிதாக வருகிறவர்களுக்கு அலுவலகக் கடிதமும் கணக்குத் தாளும் பழக்கிவிடுவது என் வேலைகளில் ஒன்று. ஆங்கில இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இப்படி இரண்டு சொல்லில் வழுக்கி நிற்பதைப் பல முறை பார்த்துவிட்டேன். அவர்களுக்காகத்தான் இது.

முதல் படி: தமிழில் இதை நாம் ஏற்கெனவே சொல்கிறோம்

'கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த வீட்டை வாங்குவதில் லாபமில்லை' என்று வீட்டில் பேசுகிறோம். 'பாட்டம் லைன்' என்பதற்கு இதைவிட நெருக்கமான தமிழ் எனக்குத் தெரியாது. இரண்டும் கணக்கு நோட்டிலிருந்து கிளம்பிப் பேச்சுக்கு வந்தவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆங்கிலத் தொடர் இடத்தைச் சொல்கிறது: தாளின் அடியில் இருக்கும் வரி. தமிழ்த் தொடர் வேலையைச் சொல்கிறது: கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும், அதன் பிறகு பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தமிழ்தான் பொருளைச் சரியாகக் காட்டுகிறது. பாட்டம் லைன் என்றால் சுருக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு விஷயத்தைக் குறுக்கிச் சொன்னால் அது சுருக்கம். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்த பிறகு கையில் நிற்பதுதான் பாட்டம் லைன். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரண்டாம் படி: கணக்குத் தாளை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

இந்தத் தொடர் பிறந்த இடம் லாப நட்டக் கணக்கு. அதைப் படிக்கத் தெரியாமல் தொடரை மட்டும் மனப்பாடம் செய்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எனவே ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். இட்லி மாவு அரைத்து பாக்கெட்டில் விற்கும் ஒரு சிறு கம்பெனியை வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனை, முறை உண்மை.

மாதம் 10,000 பாக்கெட், ஒன்று 40 ரூபாய். விற்பனை வருவாய் 4,00,000 ரூபாய். இதைத் தாளின் மேலே எழுதுங்கள். இதுதான் 'டாப் லைன்'. (வாடிக்கையாளரிடம் வசூலித்த ஜிஎஸ்டியை இதில் சேர்க்கக் கூடாது. அது அரசின் பணம், நம் கை வழியாகப் போகிறது. கல்லாவில் விழுந்ததையெல்லாம் வருவாய் என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.)

அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு எல்லாமாக 2,10,000. கழித்தால் 1,90,000. இது மொத்த லாபம். இந்த இடத்தில் நின்று பார்த்தால் தொழில் அமோகமாக நடப்பதுபோல் தோன்றும். இன்னும் கீழே இறங்குங்கள். பாக்கெட் கவருக்கு 20,000, ஆட்களின் சம்பளம் 70,000, வாடகை 20,000, மின்சாரம் 15,000, கடை கடையாகக் கொண்டு போடும் வண்டிக்கு 18,000. ஆக 1,43,000. மிச்சம் 47,000. ஆங்கிலப் பேச்சில் 'எபிட்டா' என்று அடிக்கடி காதில் விழுமே, அது இந்த இடம்தான்: வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிப்பதற்கு முந்தைய தொகை.

கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் ஆண்டுதோறும் தேய்கின்றன. அதற்கு மாதம் 9,000 ஒதுக்கினால் 38,000. வங்கிக் கடனுக்கு வட்டி 12,000 போனால் 26,000. நிறுவன வரி 22 சதவீத விகிதத்தில், கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து 25.17 சதவீதம் என்று வைத்தால் சுமார் 6,500. கடைசியில் நிற்பது சுமார் 19,500 ரூபாய்.

அந்த எண்ணுக்கு அடியில் இரட்டைக் கோடு போடுங்கள். கணக்குப் பிள்ளைகள் கையால் எழுதிய காலத்திலிருந்து, இதற்கு மேல் கழிக்க ஒன்றுமில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த 19,500தான் பாட்டம் லைன், நிகர லாபம். நான்கு லட்சத்தில் தொடங்கி இருபதாயிரத்துக்கும் கீழே வந்து நிற்கிறோம். நூறு ரூபாய்க்கு மாவு விற்றால் ஐந்து ரூபாய்கூட முழுதாக மிஞ்சவில்லை.

இங்கே 'லைன்' என்பது கோடு அல்ல, வரி. 'லைன் ஐட்டம்' என்றால் கணக்கில் ஒரு வரியாக எழுதப்படும் இனம். தமிழில் 'வரி' என்ற ஒரே சொல் எழுத்து வரியையும் அரசுக்குக் கட்டும் வரியையும் குறிப்பதால், 'கடைசி வரி' என்று மொழிபெயர்த்தால் குழப்பம் வரும். கடைசியாகக் கழிப்பதும் வரி, அதன் பின் வருவதும் வரி. அதனால்தான் தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்கங்கள் 'நிகர லாபம்' என்றே எழுதுகின்றன. நல்ல சொல், அதையே பின்பற்றுங்கள்.

தாளை மடித்து வைப்பதற்கு முன் இன்னொன்றைச் செய்து பாருங்கள். பாக்கெட் விலையை ஒரே ஒரு ரூபாய் ஏற்றுங்கள். விற்கும் எண்ணிக்கை குறையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரியில் 10,000 ரூபாய் கூடுகிறது, அதாவது 2.5 சதவீதம். அரிசிச் செலவோ வாடகையோ கூடவில்லை. எனவே அந்தப் பத்தாயிரம் அப்படியே கீழே இறங்கி, வரி போக நிகர லாபம் சுமார் 27,000 ஆகிறது. கிட்டத்தட்ட 38 சதவீத உயர்வு. கூட்டங்களில் 'இட் கோஸ் ஸ்ட்ரெய்ட் டு த பாட்டம் லைன்' என்று சொல்வார்கள், வழியில் எந்தச் செலவும் பிடித்துக்கொள்ளாமல் நேராக லாபத்தில் சேரும் பணம் என்று பொருள். ஒரு ரூபாய்க்கு ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள் என்பது இந்தத் தாளைப் போட்டுப் பார்த்தவருக்குப் புரியும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். 'ஒரு ரூபாய்தானே' என்று தள்ளுபடி கொடுப்பவர் எதைக் கொடுக்கிறார் என்பதையும் இதே தாள் காட்டிவிடும்.

மூன்றாம் படி: உண்மையான நிறுவனக் கணக்கில் அது எங்கே இருக்கிறது?

வேடிக்கை என்னவென்றால், பாட்டம் லைன் பெரும்பாலும் கடைசி வரியில் இருப்பதில்லை. இந்தியாவில் நிறுவனங்கள் சட்டம், 2013இன் மூன்றாம் அட்டவணை லாப நட்டக் கணக்கு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. செயல்பாட்டு வருவாய், இதர வருவாய், பிறகு செலவினங்கள், அசாதாரண இனங்களுக்கும் (வழக்கமாக வராத வரவு செலவுகள்) வரிக்கும் முந்தைய லாபம், அசாதாரண இனங்கள், வரிக்கு முந்தைய லாபம், வரி, அதன் பிறகு 'இந்தக் காலத்துக்கான லாபம்' என்று அது இறங்கி வருகிறது. பெரிய நிறுவனங்களின் கணக்கில் அதற்கும் கீழே 'இதர முழுமை வருமானம்' என்று ஒரு பகுதி வரும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பங்கு ஒன்றுக்கான ஈட்டம். எனவே தாளின் கடைசி எண்ணை வாசித்தால் தப்பாகிவிடும். 'இந்தக் காலத்துக்கான லாபம்' என்ற வரியைத் தேடுங்கள்.

அடுத்து, அந்த எண் எப்படி வந்தது என்று மேலே ஏறிப் பாருங்கள். 2019-20 நிதியாண்டில் வோடஃபோன் ஐடியாவின் நிகர நட்டம் 73,878 கோடி ரூபாய். அந்த ஆண்டு அதன் வருவாயே சுமார் 45,000 கோடிதான். வருவாயைவிட நட்டம் பெரிதாக எப்படி இருக்க முடியும்? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தை எந்த வருவாயின் மேல் கணக்கிடுவது என்ற வழக்கில், 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகளின் பாக்கி ஒரே ஆண்டின் கணக்கில் அசாதாரண இனமாக வந்து இறங்கியது. நட்டத்தின் ஒரு பெரிய பகுதி அதிலிருந்து வந்தது. கீழ்வரியை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது.

இதற்கு நேர்மாறாக, மேல்வரி மட்டும் பல ஆண்டு வளர்ந்துகொண்டே இருந்த கதை அமேசானுடையது. 1994இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2002இல் 393 கோடி டாலருக்கு விற்றது, ஆனாலும் அந்த ஆண்டு 14.9 கோடி டாலர் நட்டம். 2003இல்தான் முதன்முறையாக முழு ஆண்டுக்கும் லாபம் காட்டியது: 526 கோடி டாலர் விற்பனையில் 3.5 கோடி டாலர். நூறு டாலருக்கு விற்றால் ஒரு டாலர்கூட நிற்கவில்லை. இருந்தாலும் எண்ணின் முன்னால் இருந்த கழித்தல் குறி போய்விட்டது. 'டாப் லைன் க்ரோத்' என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் பாட்டம் லைனைக் கேளுங்கள். 'பாட்டம் லைன் க்ரோத்' என்று பெருமையாகச் சொன்னால், விற்பனை கூடி வந்த லாபமா, ஆட்களைக் குறைத்து வந்த லாபமா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு, அதனால் நீங்கள் கேளுங்கள்.

நான்காம் படி: மூன்று பொருளையும் பிரித்து அறியுங்கள்

முதல் பொருள் இதுவரை பார்த்த நிகர லாபம். 'திஸ் வில் ஹர்ட் அவர் பாட்டம் லைன்' என்றால் நம் லாபம் அடிபடும். பக்கத்தில் 'அவர்', 'தேர்', 'கம்பெனீஸ்' போன்ற உடைமைச் சொல் வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

இரண்டாவது, முடிவான விஷயம். 'த பாட்டம் லைன் ஈஸ்...' என்று வாக்கியம் தொடங்கினால் பணத்தைப் பற்றிய பேச்சாக இருக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லலாம், பயிற்சியாளர் சொல்லலாம். 1960களுக்குப் பிறகு அமெரிக்கப் பேச்சில் இந்தப் பொருள் பரவி, இன்று கணக்கே தெரியாதவர்களும் சொல்கிறார்கள். தமிழில் இடத்துக்குத் தக்கபடி 'முடிவாகச் சொன்னால்', 'விஷயம் இதுதான்', 'கூட்டிக் கழித்துப் பார்த்தால்' என்று வரும். அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட்டது இந்தப் பொருளில்தான். இங்கே 'நிகர லாபம்' என்று மொழிபெயர்த்தால் அபத்தமாகிவிடும்.

மூன்றாவதைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் யாரும் பேசுவதில்லை, ஆனால் பணம் போவது இங்கேதான். பேரத்தில் ஒருவர் 'வாட்ஸ் யுவர் பாட்டம் லைன்?' என்று கேட்டால், 'கடைசி விலை சொல்லுங்கள்' என்று அர்த்தம். அதற்குக் கீழே போனால் உங்களுக்குக் கட்டுபடியாகாது என்ற இடம் எது என்று கேட்கிறார். துணிக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டும் பதில் சொல்லியும் பழகிய நாம், ஆங்கிலத்தில் கேட்டதும் ஏதோ தகவல் கேட்கிறார் என்று நினைத்து உண்மையான எண்ணைச் சொல்லிவிடுகிறோம். சொன்ன நொடியில் பேரம் அந்த எண்ணிலிருந்து கீழ்நோக்கித் தொடங்கும். எனவே தொகையைச் சொல்லாமல் நிபந்தனையைச் சொல்லுங்கள்: 'எத்தனை மாத ஒப்பந்தம், எத்தனை நாளில் பணம் வரும் என்பதைப் பொறுத்தது.' எந்த வியாபாரியும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தப் பொருளுக்கு ஒரு நீட்சியும் உண்டு. சீன மொழியில் 'அடிக்கோடு' என்று பொருள்படும் சொல் மீறக்கூடாத எல்லையைக் குறிப்பதால், சீனத் தரப்பினர் ஆங்கிலத்தில் எழுதும்போது 'பாட்டம் லைன்' என்றால் 'இதற்கு மேல் இறங்கி வரமாட்டோம்' என்று கொள்ள வேண்டும். அவர்களிடமிருந்து கடிதம் வந்தால் லாபத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் அமர்த்துவது

முன்னால் 'த' வேண்டும். நம்மவர்கள் விட்டுவிடும் சொல் அது. பேச்சின் நடுவில் 'பாட்டம் லைன் ஈஸ்' என்று தொடங்கினால் காது இடறும். மின்னஞ்சலில் 'பாட்டம் லைன்' என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தால் மட்டும் 'த' இல்லாமல் போகலாம். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக வந்தால் இரண்டு சொல்லுக்கும் இடையே சிறு கோடு போடுவது வழக்கம். அமெரிக்கர்கள் சிலர் இதை வினையாகவே ஆக்கி, 'பாட்டம் லைன் இட் ஃபார் மீ' என்பார்கள். 'முடிவை மட்டும் சொல்' என்று பொருள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம்.

பெரிய தவறு ஒன்று இருக்கிறது. 'கடைசியாக' என்ற பொருளில் இதைப் போடுவது. நான்கு பத்தி எழுதிவிட்டு, 'பாட்டம் லைன், இணைப்பைப் பார்க்கவும்' என்று முடிக்கிறார்கள். அதற்கு 'ஃபைனலி' போதும். இந்தத் தொடருக்குப் பின்னால் வருவது எடைபோட்டு எடுத்த ஒரு முடிவாக இருக்க வேண்டும். அதேபோல் ஒரு கடிதத்தில் இரண்டு பாட்டம் லைன் இருக்க முடியாது. இரண்டு இருந்தால் கழித்தல் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

ஒலியில் நெருங்கிய சொற்களோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். 'பேஸ்லைன்' என்பது ஒப்பிடத் தொடங்கும் அளவு. 'டெட்லைன்' கெடு. 'பாட்டம் அவுட்' என்றால் சரிவு அடிமட்டத்தைத் தொட்டு நிற்பது.

ஆறாம் படி: அடியில் இருப்பதை மேலே கொண்டுவாருங்கள்

'வாட்ஸ் த பாட்டம் லைன்?' என்ற கேள்வி ஏன் வருகிறது? நாம் சொல்லும் வரிசையால் வருகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கப் போகும்போது முதலில் சூழ்நிலையைச் சொல்கிறோம், பிறகு காரணங்களை அடுக்குகிறோம், கடைசியில் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வருகிறோம். மரியாதை அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது, அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஒரு நாளில் நூறு மின்னஞ்சல் பார்க்கிறவர் கடைசிப் பத்தி வரை வருவதில்லை.

இதற்கு அமெரிக்க ராணுவம் ஒரு வழி வைத்திருக்கிறது. 'பாட்டம் லைன் அப் ஃப்ரன்ட்' என்பார்கள், எழுத்துகளைச் சேர்த்து 'பிளஃப்' என்றும் சொல்வதுண்டு. கீழே வர வேண்டிய முடிவை முதல் வாக்கியத்தில் எழுது என்று பொருள். கடிதப் போக்குவரத்துக்கான அதன் 25-50ஆம் எண் ஒழுங்குமுறையே முக்கிய விஷயத்தைத் தொடக்கத்தில் வைக்கச் சொல்கிறது. அலுவலகங்கள் அங்கிருந்துதான் இதை எடுத்துக்கொண்டன.

அந்தப் பெண்ணும் நானும் அடுத்த நாள் உட்கார்ந்து செய்தது இது. அவர் முதலில் எழுதிய மின்னஞ்சல் இப்படித் தொடங்கியது: 'கடந்த வாரம் நீங்கள் கேட்டுக்கொண்டபடி மூன்று விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி வாங்கினோம். முதலாமவர் தாள் விலை உயர்ந்திருப்பதாகக் கூறினார். இரண்டாமவர்...' முடிவு பதினாறாவது வரியில் இருந்தது. அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: 'அவர் உங்கள் மின்னஞ்சலில் ஒரு வரி மட்டும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குள் போகிறார் என்றால், எந்த வரியைப் படித்திருக்க வேண்டும்?' யோசிக்காமல் விரலை வைத்தார். அந்த வரியை வெட்டி மேலே ஒட்டினோம்.

புதிய தொடக்கம்: 'இரண்டு கட்டமாகச் செய்தால் உங்கள் பட்ஜெட்டுக்குள் முடியும். ஒரே கட்டமாகச் செய்தால் முடியாது. எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் அச்சகத்துக்கு உறுதி கொடுத்துவிடுவோம். விவரங்கள் கீழே.' மற்ற பதினைந்து வரியும் அப்படியே கீழே இருந்தன, ஒன்றையும் நீக்கவில்லை. அன்று மாலையே பதில் வந்தது.

கவனித்தீர்களா, 'பாட்டம் லைன்' என்ற சொல்லே அதில் இல்லை. முடிவை முதலில் வைத்துவிட்டால் அந்தத் தொடருக்குத் தேவையே இருக்காது. அதை நன்றாகக் கற்றவர்கள் மிகக் குறைவாகத்தான் சொல்கிறார்கள்.

கழிக்காமல் மேலே வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் உண்டு. முடிவை முதல் வரியில் போட வேண்டும் என்று கேள்விப்பட்டதும் சிலர் மனதில் முதலில் தோன்றுவதைப் போட்டுவிடுகிறார்கள். 'கட்டாயம் முடியும்' என்று எழுதுகிறார்கள். என்ன செலவு, யார் விடுப்பில் இருக்கிறார், எது தாமதமாகும் என்று ஒன்றையும் கழித்துப் பார்க்கவில்லை. அது மொத்த லாபத்தைப் பார்த்துவிட்டு நிகர லாபம் என்று சொல்வதற்குச் சமம். முடிவை எழுதுவது மேலே, ஆனால் அந்த முடிவுக்கு வருவது எல்லாவற்றையும் கழித்த பிறகு.

எங்கே சொல்லக் கூடாது

மேலதிகாரியிடமோ மூத்த வாடிக்கையாளரிடமோ 'வாட்ஸ் த பாட்டம் லைன்?' என்று கேட்காதீர்கள். 'வளவளவென்று பேசாமல் விஷயத்துக்கு வா' என்ற தொனி அதில் இருக்கிறது. 'வாட் வுட் யூ சஜஸ்ட்?' என்று கேட்டாலே அதே விடை கிடைக்கும். உங்களிடம் அவர்கள் கேட்டால் மனம் நோக வேண்டாம். பெரும்பாலும் அது நேரமின்மை, கோபம் அல்ல.

துயரம் இருக்கும் இடத்தில் அறவே கூடாது. பணியில் இருந்தபோது இறந்துபோன ஒருவரின் மனைவிக்கு, வர வேண்டிய தொகைகளை விளக்கி எழுதிய ஒரு கடிதத்தின் வரைவு ஒருமுறை என் பார்வைக்கு வந்தது. எழுதியவர் நல்லவர், இளையவர், தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறையில், 'த பாட்டம் லைன் ஈஸ்' என்று தொடங்கித் தொகையைக் குறிப்பிட்டிருந்தார். கணவரை இழந்தவரிடம் ஒரு வாழ்க்கையைக் கூட்டிக் கழித்துக் காட்டுவதுபோல் இருந்தது. அந்த நான்கு சொல்லையும் அடித்துவிட்டு, 'உங்களுக்கு வர வேண்டிய தொகை' என்று எழுதினோம். சட்டப்படி பொருள் மாறவில்லை. படிக்கிறவருக்கு எல்லாமே மாறியது. ஆட்குறைப்பு, நோய், பதவி உயர்வு மறுப்பு ஆகியவை பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும்.

மூன்று கீழ்வரிகள்

நிறுவன அறிக்கைகளில் 'ட்ரிப்பிள் பாட்டம் லைன்' என்று பார்ப்பீர்கள். 1994இல் ஜான் எல்கிங்டன் என்ற பிரிட்டிஷ் ஆலோசகர் உருவாக்கிய தொடர் இது. ஒரு நிறுவனம் பணத்துக்கு மட்டுமின்றி மனிதர்களுக்கும் பூமிக்கும் என்ன மிச்சம் வைத்தது என்று மூன்று கணக்கு காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. 2018இல் அவரே அதை மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறுவதாக எழுதினார். முதலாளித்துவத்தை மாற்றக் கேட்ட சொல், வெறும் கணக்குப் படிவமாகிவிட்டது என்ற வருத்தம் அவருக்கு. ஒருவர் தான் படைத்த சொல்லைத் தானே கேள்வி கேட்டதை நான் மதிக்கிறேன்.

இந்தியாவில் அந்த எண்ணத்தின் சாயல் சட்டமாகவே இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. இங்கே ஒரு நுணுக்கம்: அந்த 'நிகர லாபம்' 198ஆம் பிரிவின்படி கணக்கிடப்படுவது, வருமான வரியைக் கழிப்பதற்கு முந்தையது. ஒரே சொல், வேறு தொகை. எனவே யாராவது 'நிகர லாபம்' என்று ஓர் எண்ணைச் சொன்னால், 'எதையெல்லாம் கழித்த பிறகு?' என்று கேளுங்கள்.

பழகுவதற்கு

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும், ஆண்டு முடிவுகளுக்கு 60 நாள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வணிகப் பக்கத்தைப் பிரித்தால் ஜூன் காலாண்டு முடிவுகள் தினமும் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தை, நீங்கள் பயன்படுத்தும் சோப்போ ஏறிய வண்டியோ செய்யும் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பங்குச் சந்தை இணையதளத்தில் அதன் முழுத் தாளும் கிடைக்கும். செயல்பாட்டு வருவாயையும் இந்தக் காலத்துக்கான லாபத்தையும் வட்டமிடுங்கள். சென்ற ஆண்டின் அதே காலாண்டும் அதே தாளில் இன்னொரு பத்தியில் இருக்கும். இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். போகவில்லை என்றால் இடையில் இருக்கும் வரிகளில் ஒன்றுதான் காரணம், அதைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த நிறுவனத்தைப் பற்றி, அதில் பணம் போட நினைக்கும் ஒரு சித்தப்பாவுக்குச் சொல்வதுபோல் தமிழில் ஒரே வாக்கியம் எழுதுங்கள், 'கூட்டிக் கழித்துப் பார்த்தால்' என்று தொடங்கி. நான்கு காலாண்டு இதைச் செய்த பிறகு அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.